ரமணனின் அறையில் காளான்

ஜூலை 6, திங்கள்

சோளகக் காற்று விடாமல் அடிக்கிறது. முற்றம் முழுக்கப் புழுதி. மு.ப. 9 முதல் 11 வரை கரண்ட் இல்லை. அந்த இரண்டு மணித்தியாலமும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஏசி அறையைத் திறந்தால் குளிர் போய்விடும், திறக்காவிட்டால் உள்ளே என்ன நடக்கிறதென்று தெரியாது. கரண்ட் வந்தபோது அறைச் சூடு 27. பின்னேரம்தான் 22க்கு இறங்கியது.

காளான் பொதிகள் 42. பச்சைப் பூஞ்சணம் பிடித்தவை 3. வாழைகளுக்கு அங்கால் கொண்டுபோய்ப் புதைத்தாயிற்று. மிச்சம் 39.

மார்ச் கடைசியில் கட்டியவை. மாமரத்தூள், தவிடு. நெல் அவிக்கிற கிடாரத்தில் அவித்து, ஆறவிட்டு, மலைநாட்டிலிருந்து பஸ்ஸில் வந்த காளான் வித்துகளைப் போட்டது. சிப்பிக் காளானை எவரும் வளர்ப்பார்கள். ஷிடாகே குளிர்நாட்டுச் சாமான், எங்கள் நீர்வேலி வெக்கையில் வராது என்று பக்கத்து வீட்டு மச்சாள் சொன்னாள். அதற்குப் பிறகுதான் எனக்குப் பிடிவாதமே வந்தது. இன்றைக்கும் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"என்ன, உங்கடை மரத்தூள் இன்னும் பூக்கேல்லையோ?"

பூக்கும். வெள்ளையாக இருந்த பொதிகள் பழுப்பாகிக்கொண்டு வருகின்றன, சுட்ட பாணின் மேல்பொருக்கு மாதிரி. பழுத்து முடிந்தால் குளிர்த்தண்ணீரில் ஊற வைக்க வேண்டியதுதான். இன்று எத்தனை தடவை போய்ப் பார்த்தேன் என்று எண்ணவில்லை. இவர் எண்ணினாராம். பதினொன்று.

ஜூலை 8, புதன்

வெக்கை. முருங்கைக்காய்க் குழம்பு, உப்புக் கூடிவிட்டது. இவர் தயிர் விட்டுச் சாப்பிட்டார்.

காலை மகன் ரமணன் கனடாவிலிருந்து போன் எடுத்தான். வழக்கமாக ஞாயிற்றுக்கிழமைதான் எடுப்பான்.

"அம்மா, என்ரை ரூம் ஏசி இரவு பகலா ஓடுது. அங்கை ஆர் இருக்கினம்?"

ஏசி பூட்டும்போது அதைத் தன் போனோடு இணைத்திருந்தானாம். இப்போது புதுப் போன் வாங்கி, பழையதெல்லாவற்றையும் அதில் ஏற்றியபோது எங்கள் ஏசியும் வந்து நிற்கிறதாம். கனடாவில் இருந்துகொண்டு என் வீட்டுக் குளிரைப் பார்க்கிறான்.

அவன் வந்தால் தங்கவென்று அவனே கட்டுவித்த அறை அது. சேர்ந்தாற்போல குளியலறை, அதற்குள் ஒரு ஆள் நீட்டிப் படுக்கக்கூடிய தொட்டி. ஊரில் பாதி வீடுகளில் இப்படி ஒரு அறை பூட்டிக் கிடக்கிறது. அவன் கடைசியாக வந்து ஆறு வருடம். நான் அவன் கட்டிலை நிமிர்த்திச் சுவரோடு சாத்திவிட்டுப் பலகை இறாக்கை அடித்துக் காளான் வைத்திருக்கிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

"அப்பா படுக்கிறார், தம்பி. வெக்கை தாங்கேலாமல் இருக்காம்."

சொல்லி முடிக்க முன்னமே பிழை என்று தெரிந்தது. என் வீட்டு அறைக்கு நானே களவெடுத்தவள் மாதிரிப் பதில் சொல்கிறேன். நாள் முழுக்க ஆத்திரம். யார்மேல் என்று தெரியவில்லை.

ஜூலை 9, வியாழன்

திரும்பவும் எடுத்தான். இரண்டு தரம்.

"அப்பா பகலிலையும் படுக்கிறாரோ? நெஞ்சு நோகுது எண்டு சொன்னவரோ? உச்சி வெய்யிலுக்கை நிண்டு வாழைக்குத் தண்ணி கட்டுற மனிசன் அம்மா அவர்."

அந்த நேரம் இவர் உச்சி வெய்யிலுக்குள் நின்று வாழைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். யன்னலால் தெரிகிறது. "நித்திரை தம்பி, எழுப்பேல்லை" என்றேன்.

ஒரு பொய்க்கு இன்னொன்று. தண்ணீர் கட்டிவிட்டு வந்தவருக்குத் தேத்தண்ணீர் மட்டும் கொடுத்தேன்.

பொதிகள் முக்கால்வாசி பழுத்துவிட்டன. மேலே சின்னச் சின்னப் புடைப்பு.

ஜூலை 11, சனி

ரமணன் பிளேன் ரிக்கற் போட்டுவிட்டான். வெள்ளி காலை வீட்டில் நிற்பானாம். தனியாக. வேலையில் அவசர லீவு.

சந்தோசத்தில் அழுதேன். பிறகுதான் உறைத்தது. பிள்ளை தகப்பன் சாகக் கிடக்கிறார் என்று நினைத்து வருகிறான்.

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஏசுவார் என்று நினைத்தேன். மண்வெட்டியைச் சாத்தி வைத்துவிட்டுக் கேட்டார்:

"எப்ப வாறான்?"

"வெள்ளிக்கிழமை. நான் இப்பவே எடுத்து உண்மையைச் சொல்லப்போறன்."

"வாயைத் திறக்காதை."

"பொய் சொல்லிப் பிள்ளையைக் கூப்பிடுறதோ?"

"நல்லா இருக்கிறன், நல்லா இருக்கிறன் எண்டு ஆறு வருசமா ஒவ்வொரு ஞாயிறும் உண்மைதான் சொன்னனான். வந்தவனோ?"

இந்த மனிதருக்குள் இவ்வளவு கிடந்ததென்று எனக்குத் தெரியாது. ஞாயிறுகளில் "அம்மாவோடை கதை" என்று போனை என்னிடம் தந்துவிட்டுப் போய்விடுவார்.

ஜூலை 13, திங்கள்

செய்ய வேண்டியவை:
யன்னல் சீலை தோய்க்க.
கோப்பி, சீனி.
இவருக்கு உடுக்கப் புதுச் சாரம்.
பொதிகளை எங்கே வைப்பது???

குசினியில் சூடு பார்த்தேன், 32. கிணற்றடிக் கொட்டில் 33. சாமி அறை கொஞ்சம் குளிர்ச்சி, ஆனால் இடமில்லை. எங்கே வைத்தாலும் இரண்டு நாளில் அழுகும். மூன்றரை மாதம்.

இவர் நோய் வருத்தக்காரர் ஆகிக்கொண்டு வருகிறார். காலையில் மெல்ல நடந்து காட்டினார்.

"நெஞ்சுக்கோ, காலுக்கோ நோகுது?" என்று கேட்டேன்.

யோசித்தார். "ரெண்டுக்கும் வைப்பம்."

சிரிப்பு வந்தது. பிறகு பயம் வந்தது. நாளைக்கு உண்மையிலேயே இவருக்கு ஒன்று நடந்து நான் கூப்பிட்டால், அவன் நம்புவானா? இதை இவரிடம் சொன்னேன். இருமினார், அதுவும் பொய் இருமல்.

போனை இரண்டு தரம் எடுத்து இரண்டு தரமும் வைத்தேன்.

ஜூலை 15, புதன்

காற்று இல்லை. இலை அசையவில்லை. தலையிடி.

பொதிகள் பழுத்து முடிந்தன. இனிப் பிந்தினால் காய்ந்துவிடும். இவரைப் பருத்தித்துறை மீன் சந்தைக்கு அனுப்பி ஐஸ் எடுப்பித்தேன். சாக்கில் சுற்றி மோட்டார்சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். ஒரே மீன் மணம். கழுவச் சொன்னேன். கழுவக் கழுவக் கரைந்து, அரைவாசிதான் மிஞ்சியது. புறுபுறுத்தார். நெஞ்சுவருத்தக்காரர் ஐஸ் தூக்கியதை மச்சாள் பார்த்திருப்பாள்.

பொலித்தீனைக் கிழித்து, பொதிகளைக் குளியலறைத் தொட்டிக்குள் அடுக்கித் தண்ணீரும் ஐஸும் விட்டேன். மிதக்கின்றன. மேலே பலகை வைத்துக் கல் ஏற்றினேன். கட்டிய நாளிலிருந்து அந்தத் தொட்டியில் ஒருவரும் குளித்ததில்லை. கொஞ்சம் குற்ற உணர்ச்சி. அதிகமில்லை.

ரமணன் புறப்படுமுன் செய்தி அனுப்பியிருக்கிறான். "அப்பாவைத் தனிய விடாதேங்கோ." பத்துத் தரம் வாசித்தேன். "ஓம்" என்று மட்டும் போட்டேன். அவன் ஆகாயத்தில் இருக்கும்போது சொல்லி என்ன பிரயோசனம். இப்படி எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். உண்மையில் பயம். திரும்பிவிடுவான் என்ற பயம். இவரைக் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி.

ஜூலை 16, வியாழன்

காலையில் தொட்டியிலிருந்து எடுத்து இறாக்கையில் வைத்தேன். ஈரச் சாக்குப் போட்டேன். முதுகு முறிந்துபோயிற்று.

பின்னேரம் நாலு மணி. யன்னல் பக்கத்துப் பொதி. புடைப்பு ஒன்று வெடித்து, உள்ளே கடும் மண்ணிறத்தில் ஒரு மொட்டு. மிளகளவு. ரோச் லைற் அடித்துப் பார்த்தேன். மற்றப் பொதியிலும். அதற்கடுத்ததிலும்.

இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். மூக்குக்கண்ணாடி போட்டுக் குனிந்து பார்த்தார்.

"வந்திட்டுது," என்றார். பிறகு, "இப்ப இதுகளைத் தூக்கேலாது என்ன?"

"தூக்கினால் செத்துப்போகும்."

"அப்ப அவன் எங்கை படுக்கிறது?"

"ஹோலிலை. ஃபானுக்குக் கீழை. நாளைக்கு வாசல் படலையிலையே உண்மையைச் சொல்லிப்போடுவன்."

"சொன்னியெண்டால் அடுத்த பிளேனிலை போயிடுவான்."

"போகட்டும். பொய்யிலை இருக்கிறதிலும் அது நல்லது."

பெரிய வீராப்பாகச் சொன்னேன். சொன்ன பிறகு குசினிக்குள் வந்து வெங்காயம் உரித்தேன். இவர் ஹோலில் ரமணனுக்குப் பாய் விரித்து, திருப்தியில்லாமல் சுருட்டி, யன்னலோரம் திரும்ப விரித்தார். மூன்று தரம்.

ஜூலை 17, வெள்ளி

மு.ப. 7 மணிக்கே வெய்யில் சுடுகிறது. இடியப்பம், சொதி, சம்பல். இவரைக் கதிரையில் இருத்தி, கழுத்தைச் சுற்றி ஒரு துவாய் போட்டேன். அவரே கேட்டார்.

7.40. வான் சத்தம். நான் படலைக்குப் போக முன்னம் என்னைத் தாண்டி ஒருவர் ஓடுகிறார். துவாய் முற்றத்தில் விழுந்து கிடக்கிறது. ரமணன் வானால் இறங்கி முகம் வெளிறிப்போய் நிற்கிறான். இவர் அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, பின்பக்கம் போய், இரண்டு பெரிய பெட்டியையும் இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு விறுவிறென்று உள்ளே வந்துவிட்டார். வருத்தம் நினைவிலேயே இல்லை.

ரமணன் என்னைப் பார்த்தான்.

"அம்மா?"

படலையில் சொல்ல வைத்திருந்த வசனம் எல்லாம் மறந்துபோயிற்று. கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் அவன் அறைக் கதவைத் திறந்துவிட்டேன். கட்டில் சுவரோடு நிற்கிறது. இறாக்கைகளில் ஈரச் சாக்குக்குக் கீழே முப்பத்தொன்பது பொதி. மொட்டுகள் இன்றைக்குக் கச்சான் கடலை அளவு.

"அப்பாவுக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஏசி இதுக்குத்தான். நான் பொய் சொன்னனான், தம்பி."

ரமணன் ஒரு சாக்கின் நுனியைத் தூக்கிப் பார்த்தான்.

"இதுக்கோ நான் செத்துப் பிழைச்சு வந்தனான்?" கோபமா அழுகையா என்று எனக்குப் பிடிபடவில்லை. நான் அழுதேன்.

பின்னால் இவர், இன்னும் பெட்டிகளைக் கீழே வைக்காமல், மூச்சு வாங்க:

"வந்திட்டாயெல்லே."

ரமணன் பெட்டிகளை வாங்கி நிலத்தில் வைத்தான். இவருடைய மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தான், மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு. பார்த்து முடிந்தது. கையை விடவில்லை. வாசலிலேயே நின்றார்கள் இரண்டு பேரும், கதவை ஆவென்று திறந்து வைத்துக்கொண்டு.

"ஒண்டில் உள்ளை வாங்கோ, இல்லாட்டி வெளியிலை போங்கோ," என்றேன். "குளிர் போகுது."