ஃபைல்ல ஏறின உன் வார்த்தை

அன்புள்ள எழிலனுக்கு,

அம்மா எழுதறது. புனேயில நீ நல்லாயிரு. இங்க நான் நல்லாயில்ல, ஆனா பைத்தியமும் இல்ல. போன்ல சொன்னா நடுவுல வெச்சிடுவ, அதான் பேப்பர்ல எழுதறேன். பத்து நாளா எழுதி எழுதிக் கிழிச்சு இன்னிக்குத்தான் முடிக்கிறேன்.

பாதி தெரிஞ்சதுக்கே இவ்ளோ பண்ணிட்ட, மீதியையும் கேளு. எங்க கடலூர் ஆபீஸ்ல உதவியாளர் நாலு பேரு. அதுல ராமாமிர்தத்தை மட்டும் கக்கூஸ் கழுவ வெக்கறாரு சூப்பிரண்டெண்ட் கண்ணாயிரம், மத்த மூணு பேரும் ஃபைல் தூக்கறாங்க. ஏன் சார் இவரு மட்டும்னு கேட்டேன், அவுங்களுக்கெல்லாம் பழக்கம்தானேம்மான்னு சிரிக்கிறாரு. அந்த 'அவுங்க' எந்தத் தெருன்னு உனக்கு நான் விளக்க வேணாம். மேலதிகாரிக்கு மனு எழுதினேன், என் பேரு வெளிய வரக் கூடாதுன்னு முதல் வரியிலயே கேட்டு. மூணாவது வாரம் தபால் கவரைப் பிரிச்சா உள்ள என் மனுவே இருக்கு, என் பேரோட, உரிய நடவடிக்கைக்குன்னு கண்ணாயிரத்துக்கே அனுப்பியிருக்காங்க. ஆபீஸ்ல தபால் பிரிச்சுப் பதியற வேலை என்னுது. தேதி முத்திரை குத்தி, பதிவேட்டுல நம்பர் போட்டு, என் கையாலயே அவரு மேஜையில வெச்சேன். கிழிச்சுப் போட்டிருக்கலாமேடின்னு உங்கப்பா திட்டறாரு. பதினெட்டு வருஷத்துல ஒரு தபாலை நான் கிழிச்சதில்ல, என்னுதுன்னா மட்டும் கிழிப்பனா?

மறுநாளே என்னைச் சிதம்பரத்துல இருக்கற பழைய ரெக்கார்டு ரூமுக்குத் தள்ளிட்டாரு. அங்க பொம்பளைங்களுக்குக் கக்கூஸ் கிடையாது, சாயங்காலம் வரைக்கும் தண்ணி குடிக்காம உக்காந்திருக்கேன். விருப்பப்பட்டுத்தான் கழுவறேன்னு ராமாமிர்தத்துக்கிட்ட கையெழுத்தும் வாங்கியாச்சு. இதெல்லாம் நான் எதிர்பார்த்ததுதான். உன்னைத்தான் எதிர்பார்க்கல. கண்ணாயிரம் உன் காலேஜ் அட்மிஷனுக்கு அலைஞ்சாருங்கற நன்றியில, அவரு மெசேஜ் போட்டதும், அம்மாவுக்குக் கொஞ்ச நாளா மனசு சரியில்ல சார், பெரிசா எடுத்துக்காதீங்கன்னு எழுதியிருக்க. அதை அப்படியே பிரிண்ட் எடுத்து, மகனே உறுதி செய்துள்ளார்னு குறிப்புப் போட்டு ஃபைல்ல கோத்துட்டாரு. போதாததுக்கு நான் அவருகிட்ட மன்னிப்புக் கேக்கற மாதிரி ஒரு கடிதம் வேற, நீயே இங்கிலீஷ்ல டைப் பண்ணி, கீழ என் பேரும் போட்டு எனக்கு அனுப்பியிருக்க. உன்னைக் காப்பாத்தத்தாம்மான்னு சொல்ற. யாரைடா காப்பாத்தின? பத்தொம்பது வயசுல உன்னைப் பெத்து, உன்னை இடுப்புல வெச்சுக்கிட்டே டிகிரி முடிச்சவ நான், எனக்கு ஒரு கடிதம் எழுதத் தெரியாதா?

பயம் இல்லாம இல்ல. வேலை போயிடுமோன்னு உங்கப்பாவை விட எனக்குத்தான் பயம் ஜாஸ்தி. ஆனா வர்ற வியாழக்கிழமை என் மனு மேல விசாரணை வெச்சிருக்காங்க, ராமாமிர்தத்துக்காகப் பேச நான் ஒருத்திதான் சாட்சி. மனசு சரியில்லாதவன்னு என்னை ஒதுக்கிட்டா, அவரு ரிட்டயர் ஆகற வரைக்கும் கழுவ வேண்டியதுதான். இதை கூரியர்ல போடறேன், திங்கட்கிழமை கெடச்சிடும். புதன்கிழமைக்குள்ள விசாரணை அதிகாரிக்கு நீ மெயில் போடணும், என் அம்மாவுக்கு ஒரு கோளாறும் இல்ல, நான் சொன்னது பொய்னு. உன் பேரு போட்டு. முகவரி பின்பக்கம் இருக்கு. கண்ணாயிரத்துக்கிட்ட இனி ஒரு வார்த்தை பேசாத.

நேரத்துக்குச் சாப்பிடு. நூறு வயசு நல்லாயிரு, என் கோவம் அதைத் தொடாது. நீ எழுதலைன்னாலும் நான் போவேன். உன் மெசேஜைக் காட்டி இது யாருன்னு கேட்டா, என் மகன்தான், பொய் சொல்லியிருக்கான்னு சொல்லுவேன்.

உன் அம்மா,
பவானி