பக்கத்து மேஜை

நீத், வேல்ஸ்
பிப்ரவரி, திங்கட்கிழமை

அன்புள்ள ஹியூ அண்ணாவுக்கு,

பெர்த்தில் இப்போது நல்ல வெயில் இருக்கும். அண்ணி நலமா? குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டதா? இங்கே மழையும் காற்றும். ஏணி வைக்க முடியாது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். தொலைபேசியில் தொடங்கினால் குழந்தையைப் பற்றியே பேசிவிட்டு வைத்துவிடுவேன்.

ஜன்னல் துடைக்கும் தொழில் தொடங்கிச் சில மாதங்கள் ஆகின்றன. நான் வேலை பார்த்த புத்தகக் கடையை மூடியபோது வேறெதுவும் தோன்றவில்லை. ஏணியும் வாளியும் மலிவாகக் கிடைத்தன. வாடிக்கை பெருகுகிறது என்று உனக்கு எழுதியிருந்தேன். பெருகியது உண்மைதான்: நாலு வீடு பத்து வீடானது. மேல்தெருவில் பியூ அம்மாள் ஒவ்வொரு முறையும் கேட்பாள், "படிச்ச பொண்ணு, தொடைக்க வந்தியா, எட்டிப் பாக்க வந்தியா?" பார்ப்பதற்குத் தனிக் கூலி உண்டா என்று கேட்பேன். சிரிப்பாள். வேறு சில வீடுகளில், மாலையில் கூலிக்குப் போய் நின்றால் விளக்கு அணைந்துவிடும்.

வாடகைக்குப் போதவில்லை. அரசாங்க உதவித்தொகைக்கு மனுப் போட்டேன். சொந்தத் தொழிலில் வருமானம் குறைந்தால் அவர்கள் கொஞ்சம் ஈடுகட்டுவார்கள். அது எனக்குச் சட்டப்படி உரியது. இந்த வாக்கியத்தைப் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன். வாய்க்குப் பழகவில்லை.

எப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தோம் என்பது உனக்குத் தெரியும். ஞாயிறு மதியம் இறைச்சியை வெட்டிக்கொண்டே, உதவித்தொகை வாங்குபவர்களைப் பற்றி அப்பா சொல்வார்: "கை கால் நல்லாத்தான் இருக்கு. அரசாங்கக் காசுல பீர் குடிக்கிறான் பாரு." நாமும் சிரித்தோம்.

உதவித்தொகை அலுவலகத்தில் தனி அறைகள் கிடையாது. ஒரே கூடம். மேஜைகள் நெருக்கமாக இருக்கும். எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த அதிகாரி நல்ல பெண். மாதம் நேற்றோடு முடிந்துவிட்டது, வருமானத்தை இப்போதே பதிந்துவிடலாம், எவ்வளவு வந்தது என்று கேட்டாள்.

அப்போதுதான் பக்கத்து மேஜையைப் பார்த்தேன்.

அப்பா.

தொப்பி முழங்கால் மேல் இருந்தது. என்னைப் பார்த்தார். நான் பார்த்ததையும் பார்த்தார்.

பள்ளிப் பேருந்து ஓட்டும் வேலை கிறிஸ்துமஸோடு போய்விட்டதாம். பிறகு பணிமனையில் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். ஓய்வூதியம் வரும் வயது அவருக்கு இன்னும் ஆகவில்லை. இத்தனை நாளும் தெருவார் பார்க்கச் சாப்பாட்டு டப்பாவோடு காலையில் கிளம்பிக்கொண்டிருந்திருக்கிறார். எங்கே போய் அதைத் தின்றார் என்று தெரியவில்லை.

அப்பாவுக்குக் கேட்கும்படி நான் உரக்கச் சொன்னேன்: "செலவெல்லாம் போக ஆயிரத்து இருநூறு பவுண்ட்."

உண்மையில் வந்தது அதில் மூன்றில் ஒரு பங்கு. அவள் பதிந்துகொண்டாள். புதிதாகத் தொடங்கியவர்கள் இவ்வளவு சம்பாதிப்பது அபூர்வம் என்று பாராட்டினாள்.

பக்கத்து மேஜை இளம் அதிகாரி அப்பாவிடம் என்ன மாதிரி வேலை தேடுகிறீர்கள் என்று கேட்டது காதில் விழுந்தது. அப்பா எழுந்தார். "இல்ல தம்பி. நான் இன்னொருத்தர் கூட வந்தவன். சும்மா உக்காந்தேன்."

போய்விட்டார். பின்னால் ஓடியிருக்கலாம். நான் நாற்காலியிலேயே இருந்தேன்.

இந்த மாதம் எனக்கு உதவித்தொகை இல்லை. நன்றாகச் சம்பாதிக்கிறேன் அல்லவா? அவருக்கும் வராது. குறித்த நாளில் பேசாமல் எழுந்து போனால் மனுவை மூடிவிடுவார்கள்.

நேற்று அப்பா வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். கோட்டைக் கழற்றாமலே சமைத்துக்கொண்டிருந்தார். வீடு சில்லிட்டுக் கிடந்தது. ஹீட்டர் பழுது என்றார். கோழிக்கால் இரண்டில் பெரியதை என் தட்டில் வைத்தார். வெகுநேரம் பட்டாணியை உருட்டிக்கொண்டிருந்தார்.

"தொழில் நல்லாப் போகுது போல" என்றார்.

"நல்லாப் போகுதுப்பா."

"அது போதும்மா."

அவர் பாத்திரம் கழுவ, நான் துடைத்து அடுக்கினேன். அண்ணா, நான் உண்மையாக ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஒவ்வொரு தட்டாக எடுக்கும்போதும் அது நாக்கு வரை வந்தது. பிறகு அடுத்த தட்டு.

இந்தக் கடிதம் உனக்குக் கிடைப்பதற்குள் நான் அந்த அலுவலகத்துக்குத் திரும்பப் போயிருப்பேன். வருமானத்தைக் குறைத்துச் சொன்னவர்களை என்ன செய்வார்கள் என்று ஊருக்கே தெரியும். கூட்டிச் சொன்னவளை என்ன செய்வார்களோ. அந்த வெட்கம் என்னுடையது, சுமந்துகொள்கிறேன். அப்பாவைத்தான் எப்படி மறுபடி அங்கே போகவைப்பது என்று தெரியவில்லை. நான் பேச்சை எடுத்தால், அங்கே பார்த்ததை முகத்துக்கு நேரே சொன்னதாக ஆகிவிடும். அதை அவர் தாங்கமாட்டார்.

அதனால் உன்னிடம் கேட்கிறேன். பணம் அனுப்பாதே. திருப்பி அனுப்பிவிட்டு உன்னோடு பேசுவதையும் நிறுத்திவிடுவார். கடிதம் கிடைத்த அன்றே அவரைக் கூப்பிடு. அங்கே போன முதல் வருடம் உனக்கு வேலை இல்லாமல் போனதென்று சொல். இப்படி ஓர் அலுவலகத்தில் போய் உட்கார்ந்ததாக, உதவி வாங்கியதாக, அண்ணிக்குக்கூட வெகுநாள் தெரியாதென்று சொல். ரக்பி பற்றிப் பேசும்போது நடுவில் சொல், பெரிதாகத் தொடங்காதே. அப்படி எதுவுமே நடக்கவில்லை என்றாலும் சொல்.

முடிந்தால் எனக்கும் அதை எழுது. எந்தத் தெரு, என்ன கேட்டார்கள், நீ எங்கே பார்த்துக்கொண்டிருந்தாய், எல்லாம் எழுது. நான் நம்பிக்கொள்வேன்.

நீங்கள் மூவரும் நன்றாக இருக்க வேண்டும்.

உன் தங்கை,
எலரி