பட்டாளத்துக் கட்டு இங்க செல்லாது

லீலாபாய் மகாராணிக்குக் திருவனந்தபுரம் கரமனையில இருந்து தாசையன் எழுதுறது. கர்த்தர் கிருபையால சுகம். உன் மூட்டுவலி எப்படி இருக்கு? என்னை ஏசுறதுக்குத் தொண்டை நல்லாருந்தாப் போதும்.

ஆம்புலன்ஸ் வேலை கிடைச்சாச்சு, ஓட்டுறதுக்கு மட்டும். பட்டாளத்துல இருபது வருஷம் காயத்துக்குக் கட்டுப் போட்ட சர்டிபிகேட் இங்க செல்லாதாம். "வண்டி ஓடிச்சா மதி சேட்டா, ரோகியைத் தொடண்டா"ன்னுட்டாரு மலையாளத்து மேனேஜர். ஓட்டினாப் போதும், நோயாளியைத் தொட வேண்டாமாம். நானும் பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கிட்டு இருக்கேன்.

போன வாரம் சாரத்துல இருந்து விழுந்த கொத்தனார் ஒருத்தனை ஏத்தினோம். பேரு பிச்சைக்கனி, நம்ம பக்கத்துக்காரன். தொடையில ரத்தம் நிக்கல. கூட வந்த மேஸ்திரிகிட்ட, "துண்டை வச்சு அமுக்கும்வே, பலமா அமுக்கும்"னு ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டே கத்தினேன். அவரு துண்டை வைக்கிறதும் ரத்தத்தைப் பாத்து எடுக்குறதுமா இருந்தாரு.

"பாட்டா, நீங்க வந்து பிடிங்க"ன்னான் பிச்சைக்கனி.

"இந்தா, ஆசுபத்திரி வந்தாச்சுல"ன்னேன். வரல. பாலம் தாண்டுமுன்னே அவன் சத்தம் நின்னுபோச்சு.

சர்டிபிகேட்டை அனுப்பவான்னு கேட்டிருந்த. வேண்டாம், டிரங்குப் பெட்டியிலேயே கிடக்கட்டும். இலவம்பஞ்சுத் தலையணை ஒண்ணு மட்டும் கொடுத்துவிடு. இங்க உள்ளது தட்டையாப் போச்சு. தூக்கத்துல என் கை ரெண்டும் அதை அமுக்கிக்கிட்டே கிடக்கு.

வண்டிக்குக் கூப்பிடுதாவ, ஓடுறேன்.

தாசையன்