ஒரு தடவைதான் அமுக்கினேன்

மார்ச் 3, செவ்வாய்

இன்று ஆபீஸில் எனக்குப் பதவி உயர்வு. நேற்றுவரை டீ போடுகிறவள். இன்றிலிருந்து டீ போட்டுக்கொண்டே சோதனை செய்கிறவள். சம்பளம் அதேதான், பட்டம் மட்டும் புதுசு.

எங்கள் ஆபீஸ் வேலை டயாலிசிஸுக்கு நேரம் ஒதுக்கிக் கொடுப்பது. நோயாளி வீட்டிலிருந்தே போனில் கேட்டால் எந்த ஆஸ்பத்திரி, எந்தப் படுக்கை, எத்தனை மணி என்று வந்துவிடும். இப்போது பழைய புரோகிராமைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஃபிரேம்வொர்க் என்று ஏதோ ஒன்றை வைத்துப் புதிதாக எழுதுகிறார்களாம். "ஃபிரேம்னா சட்டம்தானே? கதவு எப்ப வரும்?" என்று கேட்டேன். கண்ணாடிக்காரிக்குச் சிரித்ததில் டீ மூக்கில் ஏறிவிட்டது. அவள்தான் அதை எழுதுகிற இன்ஜினியர்.

அது ஜனங்கள் கைக்குப் போகத் தயாரா என்று எட்டுப் பேர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். எட்டாவது ஆள் நான். அஞ்சாங்கிளாஸோடு நின்றவளுக்குப் புரிந்தால் ஊருக்கே புரியும் என்று மேனேஜருக்கு ஒரு நினைப்பு. அவருக்கு நான் வைத்திருக்கிற பெயர் 'ஆகட்டும்'. எதைக் கேட்டாலும் அதுதான் பதில்.

எனக்குள் ஓடுவது யாருக்கும் தெரியாது. இந்தப் பதிவையெல்லாம் இப்போது ஓட்டுகிற பழைய கம்ப்யூட்டர் மெஷின்கள் இருக்கிற கட்டடத்துக்கு ரயிலில் ஒரு பகலும் ஒரு ராத்திரியும் போக வேண்டும். அங்கே ஜெனரேட்டரும் ஏசியும் பார்த்துக்கொள்வது என் வீட்டுக்காரர். அவர் அங்கே போய் இரண்டு வருஷம் ஆகிறது. புதுசு ஓட ஆரம்பித்ததும் அந்தக் கட்டடத்தை மூடிவிட்டு அவரை இங்கேயே மாற்றிவிடுவார்கள். எழுதியே கொடுத்திருக்கிறார்கள்.

சட்டமே, சீக்கிரம் தயாராகு.

மார்ச் 5, வியாழன்

எனக்கு எதையும் இரண்டு தடவை அமுக்கித்தான் பழக்கம். லிஃப்டு பட்டன், காலிங் பெல், அடுப்பு லைட்டர் எல்லாம். போனில் பதிவு பட்டனையும் அப்படியே அமுக்கினேன், எனக்கு இரண்டு படுக்கை வந்துவிட்டது.

"அக்கா, ஒரு தடவை போதும். அது எங்கயும் ஓடிப் போயிடாது" என்றாள் கண்ணாடிக்காரி.

"உனக்கு இன்னும் கல்யாணம் ஆகலை, அதான் இப்படிப் பேசற."

கடைசியில் ஒரு தடவைக்கு மேல் அமுக்க முடியாதபடி பட்டனை மாற்றிவிடுகிறேன் என்றாள். அதோடு பிரச்சினை தீர்ந்ததாம்.

மார்ச் 10, செவ்வாய்

போன் செய்தார். இங்கே வருகிற ஆசையில் என் வீட்டுக்காரர் இப்போதே குக்கரைப் பெட்டியில் வைத்துக் கட்டிவிட்டாராம். "இன்னும் ரெண்டு வாரம் இருக்கே, எதுல சமைப்பீங்க?" "அட, அதை யோசிக்கலையே!"

மார்ச் 12, வியாழன்

அவர் குறட்டையைத் திட்டித் திட்டியே இருபது வருஷம் தூங்கினவள் நான். இப்போது திட்ட ஆளில்லாமல் தூக்கம் பிடிப்பதில்லை.

அவர் சட்டையை எடுத்து மறுபடி இஸ்திரி போட்டேன். யாரும் போடாத சட்டை எப்படித்தான் கசங்குகிறதோ.

மார்ச் 13, வெள்ளி

இன்று ஒரு கையில் பால் பாத்திரம். இன்னொரு கையில் போன். கட்டைவிரலால் ஒரே ஒரு தடவை அமுக்கினேன். வந்தது இரண்டு படுக்கை. காலை ஏழு மணி, மூன்றாம் நம்பர். காலை ஏழு மணி, நாலாம் நம்பர். இரண்டிலும் என் பெயர்.

போய்ச் சொன்னேன். 'ஆகட்டும்' சிரித்துவிட்டார். "நீங்க லிஃப்டையே ரெண்டு தடவை அமுக்குறவங்களாச்சே!" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். வேறென்ன செய்ய?

கையெழுத்து திங்கட்கிழமை.

மார்ச் 14, சனி

பாதி நாள் ஆபீஸ். டீக்கூடத்தில் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் நின்று ஐந்து தடவை பதிவு செய்தேன், ஒவ்வொன்றுக்கும் ஒரே அமுக்கு. இரண்டு தடவை இரட்டைப் படுக்கை வந்தது. பெரிய ஹாலில் செய்தால் வருவதில்லை. டீக்கூடத்தில்தான் சிக்னல் சரியாகக் கிடைக்காமல் இழுத்துக்கொண்டு போகும்.

அப்படியானால் கோளாறு என் விரலில் இல்லை.

எனக்கு இரண்டு போனால், பின்னால் வருகிறவருக்கு இடமில்லை என்று சொல்லும். எதிர்க் கட்டட வாட்ச்மேன் வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போகிறவர். ஒரு நாள் தவறினால் கால் வீங்கிச் செருப்பு நுழையாது.

யாரிடமும் சொல்லவில்லை. நேற்றே சொல்லியாயிற்றே? நம்பாதது அவர்கள் குற்றம்தானே? ... என் குற்றம் இல்லைதானே?

மார்ச் 15, ஞாயிறு

வீட்டுக்காரரிடம் போனில் சொன்னேன். "ஒரு தடவைதாங்க அமுக்கினேன்."

ஜெனரேட்டர் சத்தத்திலிருந்து தள்ளி வந்தார். அப்புறம், "நீ ஒரு தடவைன்னா ஒரு தடவைதான். சொன்னா எத்தனை நாள் தள்ளிப் போகும்?"

"இந்தக் கையெழுத்து நின்னா அடுத்தது மூணு மாசம் கழிச்சுதான்னு ஆபீஸ்ல சொல்லியிருக்காங்க."

"சரி. யோசிச்சுக்க. டீசல் ஊத்தணும், வச்சிடறேன்."

சொல்லாதேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா சண்டை போட்டிருப்பேன். சொல்லுன்னு சொல்லியிருந்தா அழுது தீர்த்திருப்பேன். ரெண்டும் சொல்லலையே இந்தப் பாவி மனுஷன்.

மார்ச் 16, திங்கள்

தாள் என்னிடம் வந்தபோது ஏழு பேர் 'தயார்' என்று எழுதியிருந்தார்கள்.

பேனாவை மூடிவிட்டுக் கண்ணாடிக்காரியை டீக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். "நீ அமுக்கு. ஒரே தடவை. என் கை ரெண்டையும் பின்னால கட்டிக்கிட்டு நிக்கறேன், பார்த்துக்க."

முதல் தடவை ஒன்றுதான் வந்தது. இரண்டாவது தடவையும் ஒன்றுதான். பின்னாலேயே வந்து நின்ற 'ஆகட்டும்' வாட்சைப் பார்த்தார். உண்மையைச் சொல்கிறேன், இப்படியே ஒன்று ஒன்றாக வரட்டும் என்றுதான் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது தடவை இரண்டு படுக்கை வந்தது.

அவள் கம்ப்யூட்டரைத் திறந்து எதையோ தேடினாள். முகம் வெளுத்துவிட்டது. "பதில் வர லேட்டானா போன் தானாவே திரும்பக் கேக்குதுக்கா. ஆஸ்பத்திரிப் பக்கம் அதைப் புதுசா ஒருத்தர் கேக்கறாங்கன்னு எடுத்துக்குது. பட்டனை மாத்தி ஒண்ணும் ஆகாது. அடியிலேருந்து பிரிக்கணும்."

"அப்ப அது என்னை மாதிரிதான், பொறுமையே கிடையாது" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

'தயாரில்லை' என்று எழுதினேன். சின்ன வார்த்தைதான். எழுதி முடிக்க நேரமாயிற்று.

"எப்ப முடியும்?" என்று மேனேஜர் கேட்டார். "ஜூன் இருபத்திரண்டு" என்றாள்.

மார்ச் 17, செவ்வாய்

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. பக்கத்திலேயேதான் நின்றுகொண்டிருந்தேன்.

மார்ச் 24, செவ்வாய்

'தயாரில்லை' என்று எழுதியதை அன்றைக்கே அவருக்கு மெசேஜ் அனுப்பியிருந்தேன், ஒரு வாரம் கழித்து இன்றுதான் போன் செய்தார். குக்கரை வெளியே எடுத்துவிட்டாராம். அதற்குமேல் அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. ஆனால் வைக்கட்டுமா என்று இரண்டு பேருமே கேட்கவில்லை.

ஏப்ரல் 19, ஞாயிறு

வீட்டுக்காரர் ஊரில், அவர் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஐந்து நாள் லீவு கேட்டேன். மேனேஜர் "ஆகட்டும்" என்றார், முதல் தடவையாக அந்த வார்த்தை இனித்தது. இங்கே இன்று கடைசி நாள்.

என் மனுஷனை இரண்டு வருஷம் பிடித்து வைத்திருப்பது எவ்வளவு பெரிய மெஷினோ என்று நினைத்திருந்தேன். போய்ப் பார்த்தால் மொத்தம் நாலு பீரோ அளவு. பச்சை விளக்கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கண்ணடிக்கிறது, கொழுப்பு.

சாயங்காலம் அங்கே சூப்பர்வைசர் கேட்டார். "ஜூன் வரைக்கும் தள்ளிப் போட வச்சாங்களே, அந்த டீக்கூடத்து அக்கா இவங்கதானா?" நான் கதவுக்குப் பின்னால் நகர்ந்தேன்.

இவர் கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டே, "ஆமா சார். என் வீட்டம்மாதான்" என்றார். அவர் அப்படி நெஞ்சை நிமிர்த்தி நின்று நான் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

நாளை காலை ஏழரைக்கு என் ரயில். ஜூன் இருபத்திரண்டுக்கு இன்னும் அறுபத்து நாலு நாள். "ஸ்டேஷனுக்கெல்லாம் வரவேண்டாம், ஷிப்டைப் பாருங்க" என்றேன். "சரி" என்றார்.

சரி என்று சொல்லிவிட்டு, உட்கார்ந்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருக்கிறார்.