செப்புக் குடத்துத் தண்ணீர்

ஐப்பசி 14, வெள்ளி

மகள் கடல்நீர்த் தொட்டியில் வளர்த்த உயிர்ப்பவளத்தில் பாதி செத்துவிட்டது. அவள் கல்யாணமாகித் துபாய் போனதிலிருந்து அந்தத் தொட்டி எங்கள் பொறுப்பு. விளக்கை மாற்றினேன், உப்பைச் சோதித்தேன். பவளத்தின் மேல் பூப்போல விரியும் சிற்றுயிர்கள் சுருங்கியே கிடந்தன. இன்று திருச்சி மீன்கடைக்காரரைப் பெரம்பலூருக்கே வரவழைத்தேன்.

"வத்துற தண்ணிக்குப் பதிலா எதை ஊத்துறீங்க?" என்று கேட்டார்.

"சுத்தமான தண்ணிதாங்க. ராத்திரியே செப்புக் குடத்துல புடிச்சு வச்சிடுவேன்," என்றாள் மனைவி.

"அக்கா, செம்பு நமக்குத்தான் நல்லது. இதுங்களுக்கு வெஷம்."

அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். எனக்குக் கோபம்கூட வரவில்லை. சோள வியாபாரி நான்; மூட்டைக்குள் கைவிட்டே சோளத்தின் ஈரம் சொல்கிறவன், வீட்டுக் குடத்தைக் கவனிக்கவில்லை.

சாயங்காலம் மகள் போனில் கேட்டாள்: "பவளம் விரிஞ்சிருக்காப்பா?"

"விரிஞ்சிருக்கும்மா."

மிச்சத்தைக் கடைக்காரர் தன் தொட்டிக்கு எடுத்துப்போயிருக்கிறார். பிழைத்தால் பாதி அவருக்கு, பாதி எங்களுக்கு. செத்தால் யாரும் யாரையும் கேட்பதில்லை என்று பேச்சு.