ஜெயிச்சாச்சு என்று யார் சொன்னது?

மாசி 9, திங்கள்

காலையிலேயே வெயில். துவரம் பருப்பு, மண்ணெண்ணெய், புளி - அருப்புக்கோட்டைக்குச் சொல்லிவிட வேண்டும்.

கடையைப் பார்க்க ஆள் இல்லை. இவர் பஞ்சாயத்துத் தலைவருக்கு நிற்கிறார். என்னைக் கேட்டு அல்ல. போன தடவை வரை மெம்பர்கள் கூடித் தலைவரைத் தேர்ந்தெடுத்தார்கள். இந்தத் தடவை ஜனங்களே நேராக ஓட்டு. பழைய தலைவருக்குத் தூக்கம் போயிருக்கும். போகட்டும்.

நம் சின்னம் குடை. கிழக்குக் குடியிருப்பு ஓட்டு விழுந்தால் ஜெயிப்போம். அங்கே குடிதண்ணீருக்குக் கிணறு கிடையாது. இவர் வெட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இவருடைய சிநேகிதர் சீனி, தறிக்கார வீட்டுப் பிள்ளை, சைக்கிளில் தகரக் குழாயோடு தெருத் தெருவாக. "ஜெயிச்சாச்சு! குடை ஜெயிச்சாச்சு!" இன்னும் ஒரு ஓட்டுக்கூட விழவில்லை.

"ஏன் தம்பி இப்படிக் கத்துறீக?"

"தோக்குற பக்கம் எவன் வருவான் மதினி? ஆளுகளுக்குத் தெம்பு வேணும்ல."

நோட்டீஸ் ஒட்ட வந்த இரண்டு பேர் அதைக் கேட்டுவிட்டுப் பசையை அப்படியே வைத்துவிட்டுச் சந்தைக்குப் போய்விட்டார்கள். இதுதான் தெம்பு.

மாசி 11, புதன்

புழுக்கம். மிளகாய் விலை இறக்கம்.

பழைய தலைவர் வீட்டுப் பின்வாசல் வழியாக சீனி வெளியே வந்ததை எண்ணெய்க்காரி பார்த்திருக்கிறாள். சும்மா கேட்பது போலக் கேட்டேன். "பரளச்சிக்குப் போயிட்டு வாரேன் மதினி" என்றார். பொய். முகம் எப்படியோ இருந்தது.

யோசிக்க யோசிக்கப் புரிகிறது. எதிராளி நம்மோடு சண்டை போடவே வேண்டாம். ஜெயிச்சாச்சு என்று நம் ஆட்களைத் தூங்க வைத்தால் போதும். அதற்கு ஒரு தகரக் குழாய். என்ன கொடுத்தார்களோ.

இவரிடம் சொன்னேன். "உனக்கு எல்லாருமே கள்ளனாத்தான் தெரியிறாக." சிரித்தார். ஆனால் பாதிச் சோறு இலையிலேயே. வெளியே போனதும் வாசலில் நின்றவர்களிடம் மறுபடி அதே சிரிப்பு.

மாசி 13, வெள்ளி

இவரோடு சண்டை. "பின்தங்கியிருக்கோம்னு சொல்லுங்க, அப்பத்தான் ஓடியாடுவாக" என்றேன். "பயந்துட்டா ஒருத்தன் நிக்க மாட்டான்" என்றார்.

சோதித்துப் பார்த்தேன். ஜவுளிக்கடைக்காரரிடம், "நெலமை கொஞ்சம் சரியில்லண்ணே" என்று மட்டும். சாயங்காலமே அவர் பழைய தலைவர் வீட்டில் மாலையோடு.

நல்லதாகச் சொன்னால் தூங்குகிறார்கள். கெட்டதாகச் சொன்னால் ஓடுகிறார்கள். என்னதான் சொல்வது?

தலைவலி. கஷாயம்.

மாசி 15, ஞாயிறு

ஓட்டு நாள். பள்ளிக்கூடத்தில்.

உச்சி வெயில் வரை கிழக்கிலிருந்து ஒரு ஆள் இல்லை. வேப்பமரத்தடியில் சீனி. "வருவாக மதினி." என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. நானே கிழக்கே கிளம்பிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. யாரை நம்பிச் சொல்வது?

காளியம்மா வாசலில் பானை கழுவிக்கொண்டிருந்தாள். அவள் சொன்னால் அங்கே எல்லோரும் கேட்பார்கள்.

"ஏன் இன்னும் வரலை?"

"நேத்து அண்ணாச்சியே வந்து சொன்னாகளே தாயி. ஜெயிச்சாச்சு, வெயில்ல அலையாதீகன்னு."

சீனி இல்லை. இவர்! என் வீட்டுக்காரர்!

"யாரு ஜெயிச்சது? தோத்துக்கிட்டு இருக்கோம். நீங்க வராட்டிக் குடையும் இல்ல, கிணறும் இல்ல!"

என்னை நன்றாகப் பார்த்தாள். பானையைக் கவிழ்த்தாள். வீடு வீடாகப் போய் எல்லோரையும் கிளப்பினாள். கைப்பிள்ளைக்காரி முதல் குச்சி ஊன்றும் கிழவர் வரை. பழைய தலைவர் களத்தடியில் நாலைந்து பேர் கம்போடு. களத்துக் காவல் என்று நினைத்தேன். எங்களோடு வந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். கடந்துவிட்டோம்.

ஓட்டுப் போட்டார்கள். பள்ளிக்கூட வாசலில் எங்களைப் பார்த்த இவர் முகம் வெளுத்துப்போனது. மகிழ்ச்சி இல்லை. குறித்துக்கொண்டேன்.

மாசி 16, திங்கள்

ஜெயித்தோம். கொஞ்ச ஓட்டு வித்தியாசத்தில். கிழக்கு வராவிட்டால் இல்லை.

மாலை, வெடி, கல்கண்டு. அப்போதே கிழக்கே புகை. ஆடு மாட்டுத் தீவனத்துக்குக் குடியிருப்பில் அடுக்கி வைத்த சோளத்தட்டைப் படப்புகள் மொத்தமும் எரிந்தன. நம் வெடிப் பொறி பட்டதாம். காற்று அடித்தது மேற்கே பார்த்து. அவ்வளவு தூரம் பொறி போகாது.

சீனி கடை வாசலில் உட்கார்ந்து அழுதார்.

"கிழக்கு ஆளுக ஓட்டுப் போட வந்தா படப்பு இருக்காதுன்னு பழைய தலைவரு ஆள் விட்டுச் சொன்னாக மதினி. நான் போயிக் கெஞ்சினேன். அவுக கேக்கலை. வெளிய சொன்னா நம்ம பக்கம் மொத்தமாச் சிதறிரும். அதான் அண்ணாச்சி, அந்த ஓட்டே வேண்டாம்னு அவுகளை வீட்டுல இருக்கச் சொன்னாக."

இத்தனை நாளும் நான் இதே வீட்டில்தான் இருந்தேன். ஒரு வார்த்தை இல்லை. "உன் வாயி நிக்காதேன்னு..." என்றார் இவர்.

மாசி 17, செவ்வாய்

கிழக்கே போனேன். சாம்பல் வாடை. ஆடுகள் கத்துகின்றன. யாருக்கும் காயம் இல்லை, அது ஒன்று. காளியம்மா கரியாத தட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியாது காளி. தெரிஞ்சிருந்தா கூப்பிட்டிருக்க மாட்டேன்."

"எங்களுக்குத் தெரியும் தாயி."

"என்னது?"

"அண்ணாச்சி வந்து சிரிச்ச சிரிப்பு சரியில்லை. என்ன ஏதுன்னு விசாரிச்சோம். படப்ப எரிப்பாகன்னு ஓட்டுக்கு முந்தின நாளே தெரியும்."

"அப்புறம் ஏன் வந்தீக?"

"அவுக ரெண்டு பேரும் ஜெயிச்சாச்சுன்னாக. நீங்க ஒருத்திதான் வந்து, தோக்குறோம், நீங்க வேணும்னீக." தட்டையை உதறினாள். "வந்ததுதான் வந்தீக, கிணத்துக்கு எடம் பாத்துட்டுப் போங்க."

பார்த்தேன். வேலிக்கு மேற்கே.

நரிக்குடியில் இரண்டு வண்டித் தட்டைக்குச் சொல்லியாயிற்று. பதவி ஏற்கப் போக வெள்ளைச் சட்டையைத் தேய்த்து வைக்கச் சொன்னார் இவர். தேய்க்கவில்லை.