புதுக் காருக்கு ஊற்றாத ஒயில்

ரியாத்
ஜூன் 1996

அன்புள்ள ஜெஸீமாவுக்கு அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நான் சுகம். உம்மாவின் முழங்கால் வலி எப்படி?

முதலாளியின் புதுக் காருக்கு ஒயில் மாற்றச் சொன்னார்கள். இந்த வெயிலுக்குத் தடித்த ஒயில்தான் நல்லதென்று, கல்முனையில் நம் வேனுக்கு ஊற்றியதையே வாங்கி வந்தேன். பக்கத்து வீட்டு டிரைவர், சாய்ந்தமருதுக்கார றபியுதீன், கையைப் பிடித்தான்.

"மச்சான், கார்ப் புத்தகத்தில மெல்லிய ஒயில்தான் போட்டிருக்கு. வேறத்த ஊத்தினா கம்பனி பொறுப்பெடுக்காது."

அரைமனதோடு மெல்லியதை ஊற்றினேன்.

போன கிழமை இஞ்ஜினில் சத்தம் வந்தது. கம்பனிக்காரர்கள் முதலில் பார்த்ததே ஒயிலைத்தான். ஒயில் சரியென்றதும் உத்தரவாதப்படி இலவசமாகத் திருத்தித் தந்தார்கள். முதலாளிக்குச் சந்தோஷம். என் வேலைக்கும் பிரச்சினையில்லை, யோசிக்காதே.

மகளைக் குர்ஆன் ஓதவிட்டுக் கசட்டில் பதிந்து அனுப்பு. மிச்ச இடத்தில் நீயும் கதைத்துப் பதி, என்ன கதையென்றாலும் சரி. முதலாளி கூப்பிடுகிறார்.

உன் நஸீர்